தெர்மோகோலுக்குச் சொந்தம்... சிறுநீரக நோயாளிக்கு மருந்து!

புது டி.வி. பெட்டியோடு வரும் வெள்ளைத் தெர்மோகோலைப் பார்த்திருப்பீர்கள். அதன் ரசாயனப் பெயர் பாலிஸ்டைரீன். இதே குடும்பத்துப் பொருள் ஒன்று, சிறுநீரக நோயாளிக்கு மருந்தாகிறது. "என்ன வைத்தியரே, தெர்மோகோலையா தின்னச் சொல்றீங்க?" என்று பதறாதீர்கள். அது வேறு, இது வேறு.

பண்டமாற்று வேலை

பாலிஸ்டைரீன் இழைகளைப் பின்னிச் சிறு சிறு மணிகளாக்கி, கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்துவார்கள். இதற்கு 'ரெசின்' என்று பெயர். தண்ணீரில் கரையாது. பழைய இரும்பைப் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்குவோமே, அதே கதைதான். தன்னிடமுள்ள சோடியத்தைக் கொடுத்துவிட்டு, எதிரே வரும் வேறு உப்பைப் பிடித்துக்கொள்ளும். அமெரிக்காவின் டி'அலெலியோ இவ்வகை ரெசினுக்கு 1944-ல் காப்புரிமை பெற்றார்.

வீட்டுத் தண்ணீரில்...

சோப்பு நுரைக்காத கடின நீரை மென்மையாக்கும் கருவிக்குள் இருப்பது இந்த மணிகள்தான். கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்து வைக்கும். களைத்துப் போனால் உப்புத் தண்ணீர் விட்டால் போதும், புத்துயிர் பெறும். நம் தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தன்மையை நீக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரெசின் நீரில் சோடியம் கூடியிருக்கும். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள், கேட்காமல் அதைக் குடிக்க வேண்டாம்.

வயிற்றுக்குள்...

ரத்தத்தில் பொட்டாசியம் சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தால் அது ஏறும். மிக அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும். சோடியம் அல்லது கால்சியம் பாலிஸ்டைரீன் சல்போனேட் பொடி, குடலில் பொட்டாசியத்தைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். ஆனால், வேலை செய்யப் பல மணி நேரமாகும். அவசர நிலைக்கு ஆஸ்பத்திரிதான். மலச்சிக்கல் வரலாம்; கடும் வயிற்றுவலியோ, மலத்தில் ரத்தமோ கண்டால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

இதே குடும்பத்துக் கொலஸ்டிரமின், குடலில் பித்த அமிலத்தைப் பிடிக்கும். புதுப் பித்தம் உண்டாக்கக் கல்லீரல் கொலஸ்டிராலைச் செலவழிப்பதால், ரத்தத்தில் அது குறைகிறது. மற்ற மருந்துகளையும் இது பிடித்துவிடும். அவற்றை இதற்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

ஒரு பக்கம் பொடியைக் கொடுத்துவிட்டு, மறுபக்கம் "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று இளநீர் கொடுத்தால் என்ன பலன்? பொட்டாசியம் ஏறியவருக்கு இளநீர், வாழைப்பழம், வாழைத்தண்டுச் சாறு, 'லோ சோடியம்' உப்பு எதையும் கேட்காமல் தராதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: செடிச் சாம்பலில் எடுக்கும் உப்பு மருந்துகளிலும் பொட்டாசியம் நிறைய உண்டு. எங்களிடம் வரும்போது ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள்.