தகரக் கூரையும் துருவும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கூரையாக இருப்பது பெரும்பாலும் நாகம், அதாவது துத்தநாகம், பூசிய நெளிதகடு, பேச்சுவழக்கில் தகரம். இரும்புத் தகட்டை நெளிக்கும் முறைக்கு 1829இல் இங்கிலாந்தில் ஹென்றி ராபின்சன் பாமரும், உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்கு 1837இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சோரெலும் காப்புரிமை பெற்றனர். இவ்விரு முறைகளும் சேர்ந்து தந்த கூரையைப் பற்றி நிலவும் சில நம்பிக்கைகள், துருவின் காரணத்தோடு அதற்கான பொறுப்பையும் தவறான இடத்தில் வைக்கின்றன.

மழைதான் தகரத்தைத் தின்கிறது என்பது முதல் நம்பிக்கை. மழையின் அளவைக் காட்டிலும், ஈரம் தகட்டில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே கூரையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நாகம் ஒட்சிசனோடும் நீரோடும் காபனீரொட்சைட்டோடும் வினைபுரிந்து, நீரில் எளிதிற் கரையாத சாம்பல்நிறக் காபனேற்றுப் படலத்தைத் தன்மேல் உண்டாக்கிக்கொள்கிறது. அப்படலம் உறுதிப்பட, நனைந்த தகடு காற்றுப்பட உலர வேண்டும். மூடுபனி சூழும் நுவரெலியாவிலும், இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளையிலும் அந்த உலர்வுக்கு வாய்ப்புக் குறைவு. தகடு காற்றில் பறக்காதிருக்க ஏற்றிவைக்கும் கற்களின் அடியிலும், அடுக்கிவைத்த புதுத் தகடுகளுக்கு இடையிலும் ஈரம் தேங்கும்போது, வெண்துரு எனப்படும் மாவு போன்ற நாகச் சேர்வை உருவாகிப் பூச்சு விரைவில் தீர்ந்துபோகிறது. இவை எல்லாவற்றையும்விடக் கொடியது உட்புறத் தாக்கம். விறகுப் புகையில் அசற்றிக் அமிலமும் போமிக் அமிலமும் உள்ளன. புகைபோக்கி இல்லாத லயக் காம்பராவில், இரவுக் குளிரில் கூரையின் அடிப்பக்கம் வியர்க்கும் நீரில் அவை கரைய, அமிலத்துக்கு ஈடுகொடுக்க முடியாத நாகம் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. ஆகவே, துருவுக்குக் குடியிருப்போரின் கவனக்குறைவே காரணம் என்ற பேச்சு பெரிய அநீதி. காம்பராவைப் புகைபோக்கி இன்றிக் கட்டியவர்கள் அவர்கள் அல்லர்.

பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் எல்லாம் போயிற்று என்பது மற்றொன்று. நாகம் இரும்பைவிட எளிதாக இலத்திரன்களை இழப்பதால், கீறலின் ஓரத்திலுள்ள நாகம் தான் கரைந்து, வெளித்தெரியும் இரும்பைச் சில மில்லிமீற்றர் அகலம் வரை காக்கிறது. ஆணித்துளைகளும் வெட்டு விளிம்புகளும் உடனே துருப்பிடிக்காமல் இருப்பது இதனாலேயே. ஆனால் கரைவதற்கு நாகம் மிச்சமிருக்கும் வரைதான் இப்பாதுகாப்பு. ஒரு சதுர மீற்றர் தகட்டின் இருபுறமும் சேர்த்து 275 கிராம் நாகம் இருந்தால், ஒரு புறத்துப் பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர் மட்டுமே. அந்த எடை பாதியானால், அதே சூழலில் ஆயுளும் ஏறத்தாழப் பாதியாகும்.

புதுத் தகரத்துக்கு எந்தப் பெயின்ற் அடித்தாலும் நல்லதே என்பதும் சரியன்று. எண்ணெய் சார்ந்த எனாமல் பெயின்ற், நாகத்தின் மேற்பரப்புச் சேர்வைகளோடு வினைபுரிந்து சவர்க்காரத் தன்மையுள்ள படையொன்றை இடையில் உண்டாக்க, பெயின்ற் உரிந்துவிடுகிறது. நாகத்துக்கெனத் தயாரித்த அடிப்பூச்சு அவசியம்.

கறையில் உருக்கு, அதாவது எவர்சில்வர் வகை, எங்கும் பூச்சின்றி நிலைக்கும் என்ற நம்பிக்கை தோட்டங்களுக்கு வெளியிலும் பரவலானது. அதைக் காப்பது குரோமியம் ஒட்சைட்டின் மெல்லிய படலம்; ஆனால் உயர் வெப்பத்தில் அது மட்டும் போதாது. எரிபொருளை எரிக்காமல் மின்வேதியியல் முறையில் மின்னாக்கும் திண்ம ஒட்சைட்டு எரிபொருட் கலங்களில், கலத்தையும் கலத்தையும் இணைக்கும் உருக்குத் தகடுகள் 700 பாகை செல்சியசை ஒட்டிய, சிலவற்றில் அதற்கும் மேற்பட்ட வெப்பத்தில் ஆயிரக்கணக்கான மணிநேரம் இயங்க வேண்டும். அங்கே அதே படலம் தடித்து மின்னோட்டத்தைத் தடுக்கிறது. காற்றிலுள்ள நீராவியோடு சேர்ந்து ஆவியாகும் குரோமியமோ ஒட்சிசன் பக்க மின்வாயில் படிந்து அதன் செயற்பாட்டைக் கெடுக்கிறது. எனவே, மின்னைக் கடத்திக்கொண்டே குரோமியத்தை மறிக்கும் மங்கனீசு-கோபாற்று ஒட்சைட்டு அத்தகடுகளின் மேல் பூசப்படுகிறது. கூரையைக் காக்கும் நாகம் 420 பாகையிலேயே உருகிவிடும். சூழல் மாறினால் பூச்சும் மாறியாக வேண்டும்.

மலையக வீடமைப்புக்குத் தகடு வாங்குவோர், விலையையும் நிறத்தையும் மட்டும் பாராது, சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் பூச்சு என்பதைக் கேள்விப்பத்திரத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும்; அடுப்புக்கு மேல் புகைபோக்கி அமைக்காத எந்த வீட்டுத் திட்டத்தையும் முடிந்த வேலையாக ஏற்கக் கூடாது.