நான்கு பிரசவங்கள் சொன்ன எச்சரிக்கை

எச்.ஐ.வி. சிகிச்சைத் துறையில் புதிதாகப் பணியேற்கும் இளம் மருத்துவருக்கு,

கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்ணுக்கு எச்.ஐ.வி. மருந்து எழுதும் மருத்துவர், மருந்தால் கருவுக்கு நேரக்கூடிய தீங்கையும், மருந்து இல்லாவிடில் தாய்க்கும் சேய்க்கும் நேரும் தீங்கையும் சேர்த்தே எடைபோட வேண்டும். சிகிச்சை பெறாத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்க, முறையான சிகிச்சை அதை 5 விழுக்காட்டுக்கும் கீழே குறைக்கிறது.

இவ்விரு தட்டுகளில் ஒன்றை மட்டும் பார்ப்பதன் விளைவைப் போட்ஸ்வானாவின் அனுபவம் காட்டுகிறது. அங்கு பிரசவங்களைக் கண்காணித்துவந்த செபாமோ ஆய்வில், வைரஸ் தன் மரபுப்பொருளை மனித உயிரணுவின் மரபுப்பொருளோடு இணைப்பதைத் தடுக்கும் டோலுடெக்ராவிர் மருந்தை உட்கொண்டுவந்த நிலையில் கருவுற்ற பெண்களின் 426 பிரசவங்களுள் 4இல் நரம்புக்குழாய்க் குறைபாடு, அதாவது மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாய் முழுமையாக மூடாத நிலை, காணப்பட்டதாக 2018 மே மாதம் தெரியவந்தது. உடனே சில நாடுகள் இம்மருந்தைப் பெண்களுக்குத் தருவதைக் கட்டுப்படுத்தின; எச்.ஐ.வி.யுடன் வாழும் ஆப்பிரிக்கப் பெண்கள் அதே ஆண்டு ஜூலையில் கிகாலியில் கூடி, தங்களுக்கான முடிவைத் தாங்களே எடுக்கும் உரிமையை வலியுறுத்தினர்.

தொடர்ந்து கண்காணித்தபோது, 2019இல் அந்த எண்ணிக்கை 1,683 பிரசவங்களுக்கு 5 என்றானது. தரவு மேலும் பெருகியபின் பிற மருந்துகளோடு ஒப்பிடுகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லாமற்போயிற்று. அதற்கு முன்பே, 2019 ஜூலையில், உலக சுகாதார நிறுவனம் கருத்தரிக்கும் வயதினர் உட்பட அனைவருக்கும் டோலுடெக்ராவிரை முதன்மை மருந்தாகப் பரிந்துரைத்தது. முன்னர், குரங்குகளிடம் கண்ட குறைபாடுகளால் எஃபாவிரென்ஸ் என்ற மற்றோர் எச்.ஐ.வி. மருந்தின் மீது எழுந்த அச்சமும் பல்லாண்டுகளுக்குப் பின்னரே மனிதத் தரவுகளால் தணிந்தது.

எச்சரிக்கை எழுப்பியோர் செய்தது தவறன்று. அரிதான குறைபாட்டில் ஓரிரு நிகழ்வுகள் கூடினாலும் விகிதம் பன்மடங்காகத் தோன்றும் என்பதை மறந்து, அந்த எச்சரிக்கையைத் தடையாக்கியதே தவறு. மேலும், நரம்புக்குழாய் கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிவிடுவதால், கர்ப்பத்தை அறிந்து மாதங்கள் கழித்து வரும் பெண்ணின் மருந்தை அச்சத்தால் நிறுத்துவது அக்குறைபாட்டைத் தடுக்காது. வைரஸ் மீண்டும் பெருகவே வழிவிடும்.

ஆகவே இளம் மருத்துவரே, கர்ப்பகால மருந்துப் பயன்பாட்டையும் பிறவிக் குறைபாடுகளையும் தவறாமல் பதிவுசெய்க. அறிந்ததையும் அறியாததையும் அப்பெண்ணிடம் மறைக்காது கூறுக. மாற்று மருந்து கையில் இல்லாமல் சிகிச்சையை நிறுத்தாதிருக்க. இறுதி முடிவை அவரோடு சேர்ந்தே எடுக்க.