சிறகு முளைத்தவர்களுக்கும் தண்ணீர் விடாய்க்கும்

சண்டிலிப்பாய்.

அன்புள்ள பெறாமகனுக்கு,

நீ அனுப்பிய கொப்பிப் பக்கங்களை வாசித்தேன். கூட்டாளிகளோடு ஆடும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்கு ஒரு சிறகினத்தை உருவாக்குகிறாய். படம் வடிவாக இருக்கிறது. இறகின் நிறம், நகத்தின் நீளம், பறக்கும் வேகம் எல்லாம் குறித்திருக்கிறாய். பண்பாட்டுக்கு மட்டும் ஒரே ஒரு வரி: “மலையுச்சியில் வாழும் பெருமைமிக்க குடி, சுதந்திரத்தை விரும்புவார்கள்.” அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பறப்பவன் சுதந்திரத்தைக் கொண்டாடுவான் என்பது நடப்பவனின் நினைப்பு. நாங்கள் கால் இருக்கிறதென்று விழா எடுப்பதில்லை. மழை பிந்தினால் பொங்கல் வைக்கிறோம், நேர்த்தி வைக்கிறோம். ஒரு சனத்தின் வழக்கங்கள் தங்களால் ஏலாத இடத்தில்தான் முளைக்கும். ஆகவே உன் சிறகினத்துக்கு எது ஏலாது, அவர்கள் யாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்பதை முதலில் முடிவுசெய். அந்த விளையாட்டிலேயே 1981இல் வந்த ஆரகோக்ரா என்ற பறவை மனிதரைப் பார். அவர்களுடைய வேகத்தை விட, மூடிய இடம் என்றால் அவர்களுக்குக் கிலி என்பதுதான் என் மனதில் நிற்கிறது. அந்த ஒரு பலவீனத்திலிருந்து வீடு, சிறை, சாவீடு எல்லாவற்றையும் யோசித்து எடுத்துவிடலாம்.

இதற்கு நீ தூரம் போகத் தேவையில்லை. நயினாதீவுக் கடலில் இரண்டு கல் இருக்கின்றன. ஒன்று பாம்பு சுற்றிய கல், மற்றது கருடன் கல். புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூ கொண்டு நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறிக்கிறது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்ள, கருடன் மற்றக் கல்லில் காத்திருக்கிறது. அந்த வழியால் தோணியில் வந்த சோழநாட்டு வணிகன் நாகத்தை விடும்படி மன்றாடுகிறான். ‘அம்மனுக்குக் கோயில் கட்டினால் விடுகிறேன்’ என்கிறது கருடன். அவன் ஒப்புக்கொள்ள, கருடன் பாவம் தீரக் கடலில் மூன்று முறை முழுகிப் பறந்து போகிறது.

இந்தச் சின்னக் கதைக்குள் ஒரு சிறகினத்தின் வரலாறு முழுதாக இருக்கிறது. பரம்பரைப் பகை பாரதத்திலேயே தொடங்கிவிட்டது: கருடனின் தாய் வினதை, பந்தயத்தில் தோற்று நாகங்களின் தாய்க்கு அடிமையானாள். இங்கே நடுவர் ஒரு தரைவாசி. உடன்படிக்கைக்கு ஒரு விலை உண்டு, குற்றத்துக்குக் கழுவாய் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கையால் தொட்டுக் காட்ட ஒரு கல் உண்டு. உன் கொப்பியில் ‘ஆயிரம் ஆண்டுப் போர்’ என்று எழுதியிருக்கிறாய். அந்தப் போரைக் காட்ட உன் நிலத்தில் ஒரு கல்லாவது கிடக்கிறதா?

அடுத்தது மணிமேகலை. அதில் காயசண்டிகை என்ற விஞ்சையர் பெண் வருகிறாள். விஞ்சையருக்குச் சிறகில்லை, மந்திரத்தால் பறப்பார்கள். கணவனோடு பொதியில் மலை பார்க்க வந்தவள், ஆற்றங்கரையில் தேக்கிலையில் வைத்திருந்த ஒரு நாவற்பழத்தைக் காலால் மிதித்துவிடுகிறாள். எங்கள் பனம்பழம் அளவு பெரிய பழம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுப்பது, ஒரு முனிவரின் உணவு. அவர் சபிக்கிறார்: பறக்கும் மந்திரம் மறந்துபோகும், அடுத்த பழம் பழுக்கும் வரை தீராப் பசி. ஆகாயத்தில் திரிகிறவள் தரையைப் பார்த்துக் கால் வைக்காததுதான் குற்றம்! காப்பியத்தைப் பாடிய சாத்தனார் இதோடு விடவில்லை. மணிமேகலையின் அமுதசுரபிச் சோற்றால் பசி தீர்ந்து ஊருக்குத் திரும்புகிறவள், விந்தமலைக்கு நேர் மேலே பறக்கிறாள். அந்த மலையை விலகிச் சுற்றிப் போவதுதான் வான்வழி முறை. மலையைக் காக்கும் விந்தாகடிகை அவளை இழுத்து விழுங்கிவிடுகிறாள். ஆகாயத்துக்கும் எல்லையும் காவலும் வைத்த புலவர் அவர். உன் வரைபடத்தில் பறக்கக்கூடாத இடம் ஒன்றுகூட இல்லை.

இனி ஒரு பயிற்சி. உன் சிறகினத்தைக் கொண்டுவந்து எங்கள் வலிகாமத்தில் குடியேற்று. இங்கே மலை இல்லை, அதனால் உச்சிக் கோட்டை எல்லாம் விட்டுவிடு. பனை இருக்கிறது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிக் கடலில் விழும். கோடையில் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள், கிணற்றின் அடியில். விரித்த சிறகோடு கிணற்றுக்குள் இறங்க ஏலாது. துலா மிதித்துப் பட்டையால் இறைப்பவன் தரைவாசி. அவன் சும்மா இறைத்துக் கொடுப்பானா? பதிலுக்கு அவர்கள் பனைக்கு மேலே போய் நொங்கு வெட்டுவார்களா, தோட்டத்தில் கிளி கலைப்பார்களா? பங்குக் கிணற்றில் அவர்களுக்கு முறை எந்த நாள்? ஒல்லாந்தர் 1707இல் எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுத்தார்கள். உன் உலகத்திலும் அப்படி ஒரு தொகுப்பு உண்டென்றால் இந்தக் கணக்கு அதில் எழுதப்பட்டிருக்கும்; எழுதியவன் எந்தப் பக்கம் சாய்ந்தான் என்பது ஒரு முழுநாள் ஆட்டத்துக்குக் காணும்.

வேலியையும் மறக்காதே. அயலவன் எட்டிப் பார்க்கக்கூடாதென்று கிடுகு வேலி அடைக்கிற ஊர் இது. மேலால் பறப்பவனுக்கு வேலி எதற்கு? ‘வளவுக்கு மேலே வராதே’ என்ற சண்டையில் எத்தனை குடும்பம் பிரிந்திருக்கும் என்று யோசி. (வேலிச் சண்டையில் எங்களை வெல்ல எந்தக் கற்பனை இனமும் பிறக்கவில்லை.) தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவார்கள். நூல் சிறகை அறுக்கும் என்று அன்று உன் ஆட்கள் குஞ்சுகளோடு வீட்டில் இருப்பார்கள். தரைவாசியின் கொண்டாட்டம் அவர்களுக்கு நோன்பு நாள். எனக்கு இது பிடித்திருக்கிறது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.

பெயர், மொழி, உடுப்பு எல்லாம் கடைசியில் வரட்டும். அவற்றை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம்.

அடுத்த ஆட்டத்துக்கு முன் ஒரு பக்கம் எழுதி அனுப்பு: உன் சிறகினத்துக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது யார், அவர்களுக்கு இவர்கள் என்ன கொடுக்கிறார்கள், கடைசியாக அந்தக் கணக்கு எப்போது பிழைத்தது. பறக்கும் வேகத்தைப் பிறகு பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா