தினசரி வேலைக்கு அட்மின் கணக்கு எதற்கு?

செஞ்சி, தேசூர், எங்கள் சீயமங்கலம் என்று இந்தப் பக்கம் எந்த இ-சேவை மையத்துக்கோ அரிசி ஆலைக்கோ கம்ப்யூட்டர் பார்க்கப் போனாலும், அங்கே உட்காருகிறவர் எந்தக் கணக்கில் வேலை செய்கிறார் என்றுதான் முதலில் கவனிப்பேன். பெரும்பாலும் அட்மின்தான். யாரும் கேட்டு வாங்கியதல்ல. விண்டோஸ் போடும்போது முதலில் உருவாகும் கணக்கே அட்மின் கணக்கு. அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

அட்மின் கணக்கில் ஒரு புரோகிராம் அனுமதி கேட்டால் 'யெஸ்' தட்டினாலே போதும். பில் என்ற பெயரில் மெயிலில் வந்த வைரஸுக்கும் அதே கதவுதான். உள்ளே வந்ததும் ஆன்டிவைரஸை நிறுத்தும், விண்டோஸ் எடுத்து வைத்த பழைய நகல்களை அழிக்கும், அதே கம்ப்யூட்டரில் மற்றவர்களின் ஃபைல்களையும் பூட்டும். சாதாரணக் கணக்கில் அந்த இடத்தில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். வைரஸின் இந்த வேலைகள் அங்கேயே நிற்கும்.

ஓர் ஆலையில் கணக்கு எழுதும் அக்காவிடம் இதைச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. "பத்து வருஷமா நான்தான் பாக்கறேன். என்மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். "எனக்கும் சாதாரணக் கணக்குதான்க்கா." பிறகு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையைச் சொன்னேன். உச்சிக்குப் போகும் வழியில் பாறைப் பிளவு, அதன்மேல் ஒரு பாலம். கீழ்க்கோட்டையைப் பிடித்தவனும் அந்தப் பாலம் இல்லாமல் மேலே போக முடியாது. செஞ்சிக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் நெட்வொர்க் தனி என்பதால் அங்கே அது போகவில்லை என்றும் சொன்னது. நம் ஆலையிலும் தினசரி வேலையும் அட்மின் வேலையும் அப்படிப் பிரிந்திருக்க வேண்டும்.

சாதாரணக் கணக்குக்கு மாற்றும்போது, அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் புதுக் கணக்கு தொடங்காதீர்கள். டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தாலே பயந்துவிடுவார்கள். பாஸ்வேர்டோடு தனியாக ஓர் அட்மின் கணக்கு உருவாக்கி, அதில் நுழைந்து, அவர்களுடைய பழைய கணக்கின் வகையை 'ஸ்டாண்டர்ட்' என்று மாற்றுங்கள். ஃபைல், வால்பேப்பர், பிரவுசரில் சேமித்தது எதுவும் நகராது.

அடுத்து, எதற்கெல்லாம் அட்மின் தேவைப்படும் என்று அவர்களிடமே கேட்டு, அன்றே முடித்துக் கொடுங்கள்: பிரிண்டர் டிரைவர், விரல்ரேகைக் கருவி, கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட். தமிழ் எழுத்துரு போட விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல் அட்மின் வேண்டாம். தன் கணக்குக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். இந்த வேலைகளை முடிக்காமல் போனால், மறுநாள் பிரிண்ட் வராத கோபத்தில் பழையபடி மாற்றிவிடுவார்கள்.

அட்மின் பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாமல், உறையில் போட்டு முதலாளியின் பீரோவில் வைக்கச் சொல்வேன். ஆனாலும் ஒருவருடைய சொந்த ஃபைல்களை அவருடைய சாதாரணக் கணக்கிலிருந்தே வைரஸ் பூட்டிவிட முடியும். அதனால் வாரம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, அதையும் அந்த பீரோவிலேயே வைக்க வேண்டும்.