முக்கோணத்துக்கு ஓர் அளவு ஜாக்கெட்

நேத்து ராத்திரி நீ அனுப்பின பையோட போட்டோவைப் பாத்தேன் கண்ணு. பை அழகுதான். ஆனா உன் சைக்கிள்ல அது உட்காராது. அஞ்சடிக்கு ஒரு விரக்கடை கூட இருக்கிற உனக்கு வாங்கினது எக்ஸ்ட்ரா ஸ்மால் ஃப்ரேம். மேல்பார் சரிஞ்சு இறங்கி, நடு முக்கோணம் ஒரு முறத்துல பாதிகூட வராது. கடையில தொங்குற ஃப்ரேம் பேக் பெரும்பாலும் நெட்டையான ஆளுங்க சைக்கிளை மனசுல வெச்சுத் தைச்சது. முன்னாடி சரியா இருந்தா பின்னாடி மடியும், பின்னாடி சரியா இருந்தா பெடல் பக்கம் பிதுங்கும். நானும் ரெண்டு ரெடிமேட் வாங்கி, ரெண்டையும் காய்கறிப் பையாக்கினவதான். நமக்கு அளவு கொடுத்துத் தைக்கிறதுதான் வழி.

காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணை யோசிச்சுக்கோ. இந்த சைக்கிளை இன்னும் மூணு நாலு வருஷமாவது வெச்சிருப்பியா? அளவுக்குத் தைச்ச பை வேற ஃப்ரேமுக்கு ஆகாது, விக்கவும் முடியாது. அடுத்த வருஷம் மாத்தற யோசனை இருந்தா இப்ப விட்டுடு.

அடுத்தது தண்ணி. துணி, கலர், ஜிப் எல்லாம் அப்புறம். முக்கோணம் முழுக்க அடைக்கிற மாதிரி பை தைச்சா, அங்கே இருந்த பாட்டில் ஸ்டாண்டு ரெண்டும் போச்சு. எனக்கு இது உறைச்சதே ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு ஏறின அன்னிக்குத்தான். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவுல எல்லாரும் நின்னு அணையைப் படம் பிடிக்கறாங்க. நான் மட்டும் பைக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு, டியூப், ஸ்பேனர், கடலை மிட்டாய்க்கெல்லாம் அடியில பாட்டிலைத் துழாவிக்கிட்டு இருக்கேன். ஓட்டிக்கிட்டே எட்டி எடுக்க முடியாத தண்ணியைத் தாகம் எடுக்கறப்ப குடிக்க மாட்டோம், தலை சுத்தினதுக்கு அப்புறம்தான் குடிப்போம்.

இதுக்கு வழி இருக்கு. மேல்பாதிக்கு மட்டும் பை, கீழே பாட்டில், இது ஒண்ணு. சின்ன ஃப்ரேம்ல பாட்டிலை மேல உருவ இடம் பத்தாது, அதனால பக்கவாட்டுல உருவுற ஸ்டாண்டு வாங்கி மாட்டணும். இல்லேன்னா முழுப் பை தைச்சு, உள்ளே அடியில தண்ணிப் பையை வெச்சு, குழாயை வெளியே விட ஒரு துளை போடச் சொல்லலாம். முன் ஃபோர்க்குல போல்ட் துளை இருந்தா பாட்டிலை அங்கேயும் மாட்டலாம். உன் ஃபோர்க்கை ஒரு தடவை பாரு. ரெண்டு நாள், ஒரு ராத்திரின்னு போறவளுக்கு அரைப் பை போதும்னுதான் நான் சொல்வேன். ஸ்பிதி, லடாக்னு பேச ஆரம்பிச்சியானா அப்ப முழுப் பையைப் பத்திப் பேசலாம்.

சைடுல ரெண்டு பை தொங்க விட்டா என்னன்னு அம்மா கேட்டாங்களாமே. தார் ரோட்டுல தாராளமா விடலாம். கரடு முரடுல அது ஆடும், கேரியர் போல்ட் கழலும், ஒத்தையடிப் பாதையில புதர்ல மாட்டும். முக்கோணத்துக்குள்ள மாட்டுற பையை இன்னிக்கு நாம பாக்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்ததுல அலாஸ்காப் பனியில சைக்கிள் ஓட்டினவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மாதிரிப் பை தைக்கிற ரெவலேட் டிசைன்ஸ் கம்பெனி அங்கே ஆங்கரேஜ் ஊர்க்காரங்களோடதுதான். கனடாவுல பான்ஃப்ல கிளம்பி மெக்ஸிகோ எல்லை வரைக்கும் 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓட்டுற டூர் டிவைட் பந்தயத்துலயும் சைக்கிளுக்குச் சைக்கிள் இந்த முக்கோணப் பைதான். கனம் ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, தாழ்வா, ஆடாம நிக்கும். தண்ணி மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ, மறந்துடாதே.

இப்ப அளவு. அளவு ஜாக்கெட் கொடுக்காம டெய்லரைத் திட்டி என்ன பிரயோஜனம்? நியூஸ்பேப்பர் வேண்டாம், துவண்டுடும். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒண்ணை எடு. சைக்கிளைச் சுவரோரமா நேரா நிறுத்தி, அட்டையை முக்கோணத்துக்குப் பின்னாடி ஒட்டிப் பிடிச்சு, கூரான பென்சிலால உள்விளிம்பை வரை. தடி மார்க்கர் வேண்டவே வேண்டாம், கோட்டோட தடிமனே ரெண்டு மூணு மில்லிமீட்டரைத் தின்னுடும். வெட்டின அட்டை வளையாம, முட்டாம, முக்கோணத்துக்குள்ள தானா நிக்கணும். அரைப் பைன்னா பாட்டிலை மாட்டி வெச்சுக்கிட்டு வரை. ஸ்டாண்டை மட்டும் வெச்சு வரைஞ்சா பாட்டில் தலை இடிக்கும். அட்டையில செயின் பக்கம் எது, இடது பக்கம் எதுன்னு பெருசா எழுது. போல்ட் தலை எங்கே, கியர் கேபிள் எந்தப் பார்ல ஓடுது, முன் கியர் கிளாம்ப் எங்கே, எல்லாத்தையும் குறி. ஒவ்வொரு பாரோட சுற்றளவையும் தையல்காரரோட டேப்பால அளந்து எழுது. பட்டை நீளம் அதுலதான் வரும்.

அட்டையில வராத அளவு ஒண்ணு இருக்கு, அகலம். அதுலதான் நான் ஏமாந்தேன். எனக்குத் தைச்சுக் கொடுத்தவர் நல்ல மனுஷர், நிறையக் கொள்ளட்டும்னு முன்னாடி பின்னாடி எல்லாம் ஒரே சீரா ஒன்பது செண்டிமீட்டர் வெச்சுட்டார். 60 கிலோமீட்டர் தாண்டறதுக்குள்ள ரெண்டு முழங்காலும் உள்பக்கம் சிவந்து எரிச்சல் எடுத்துடுச்சு. அஞ்சு, அஞ்சரைக்கு மேல கேக்காதே. ஹேண்டில் பக்கம் ஒரு செண்டிமீட்டர் கூட இருக்கலாம், சீட் பக்கம் ஒடுங்கணும். அஞ்சுன்னு தைச்சாலும் சாமானைத் திணிச்சா வயிறு தள்ளும். உள்ளே ரெண்டு சுவரையும் இழுத்துப் பிடிக்கிற மாதிரி குறுக்கே ஒரு துணித் தடுப்பு வெச்சா தள்ளாது. தடுப்பை வெல்க்ரோவுல வெச்சா வேணுங்கிறப்ப கழட்டிக்கலாம்.

பையில முதல்ல சாகறது ஜிப். துணி கிழிஞ்சு தூக்கிப் போட்ட ஃப்ரேம் பேக்கை நான் பாத்ததில்ல, ஜிப் போய்த் தூக்கிப் போட்டது எத்தனையோ. ஒய்கேகே கம்பெனி ஜிப்ல எட்டாம் நம்பர் இல்லேன்னா பத்தாம் நம்பர் கேளு. தண்ணி புகாதுன்னு ரப்பர் மாதிரி பளபளன்னு ஒரு ஜிப் காட்டுவாங்க. அது கொஞ்சம் விறைப்பு, மழையைத் தாங்கும், ஆனா முழுசா நம்ப முடியாது. எனக்குச் சாதா நைலான் ஜிப்புக்கு மேல ஒரு மடிப்பு வெச்சதுதான் பிடிக்கும். ஜிப் நேர்க்கோட்டுல ஓடணும், மூலையில வளைஞ்சா அங்கேதான் பல்லு விடும். மேல்பாருக்குக் கொஞ்சம் கீழே இருந்தா திறந்ததும் சாமான் கொட்டாது. பெரிய ஜிப் வலது பக்கம், போனுக்கும் காசுக்கும் தட்டையான அறை இடது பக்கம். ஜிப் இறுகினா மெழுகுவர்த்தியைத் தேய். மூடின பின்னாடியும் பிளந்துச்சுன்னா ஓடி ஓடி ஜிப் ரன்னரோட வாய் அகண்டிருக்கும், குறடால அதோட ரெண்டு ஓரத்தையும் லேசா அமுக்கு, ஊர் வந்து சேரலாம்.

துணியில ரொம்ப மண்டையை உடைச்சுக்காதே. கார்டுரா கனம், ஆனா உழைக்கும். எக்ஸ்-பேக் லேசு, விறைப்பா வடிவம் காட்டும், நடுவுல ஃபிலிம் இருக்கிறதால தண்ணி ஊடுருவாது, விலை அதிகம். எந்தத் துணியா இருந்தாலும் ஊசி போன துளை வழியா மழை வரும். அதனால போன், பவர் பேங்க், மாத்துத் துணியை உள்ளே தனிக் கவர்ல போடு. ரெக்சின் மட்டும் வேண்டாம், நம்ம வெயில்ல வெடிச்சுடும். நூல் பாலியஸ்டரா, நைலானான்னு கேட்டுக்கோ. பருத்தி நூல் நனைஞ்சு நனைஞ்சு இத்துப்போகும்.

தைக்கிறது யார்கிட்ட? வெளிநாட்டு ஆளுங்க அருமையாத் தைப்பாங்க, வரிசையில காத்திருக்கணும், கஸ்டம்ஸும் கட்டணும். உன் ஏரியாவுல பைக் சீட், கார் சீட் தைக்கிற குஷன் கடையைப் பாரு. கனத்த துணி தைக்கிற மிஷின் அவங்ககிட்டதான் இருக்கும். ஆனா கையை வீசிக்கிட்டுப் போகாதே. அட்டை, ஜிப், துணி, ஒரு பழைய ஃப்ரேம் பேக் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. முதல்ல ஓட்டுத் தையல் மட்டும் போடச் சொல்லி, சைக்கிள்ல மாட்டிப் பாத்த பின்னாடி கெட்டித் தையல் போடச் சொல்லு. முகம் சுளிப்பார். ஒரு டீ வாங்கிக் கொடு.

மாட்டிப் பாக்கறப்ப ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பு. பைக்குள்ள நிஜமா கொண்டு போற கனத்தைப் போட்டு, உக்காந்து பெடல் மிதி. பட்டை கியர் கேபிளை அமுக்குதான்னு பாரு, அமுக்கினா கியர் தாவும். வெல்க்ரோவோட முள் பக்கம் பெயிண்ட்ல படக்கூடாது. பட்டை படற இடத்துல எல்லாம் பழைய டியூபை வெட்டிச் சுத்து, இல்லேன்னா நடுவுல தூசி சிக்கி ஒரே சீசன்ல பெயிண்டைச் சுரண்டிடும்.

ஞாயித்துக்கிழமை அட்டையை வெட்டினதும் முக்கோணத்துல வெச்சு ஒரு போட்டோ அனுப்பு. தள்ளி நின்னு, ஜூம் பண்ணி, நேரா எடு. பாட்டிலை மாட்டிட்டு எடு.