முதலில் டெய்லரைப் பாருங்கள்

ஆண், பெண் என்ற இரண்டுக்குள்ளும் அடங்காத பாத்திரங்களைப் பற்றி என் மகள் ஓயாமல் பேசுகிறாள். நான் எதிலிருந்து தொடங்கலாம்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

‘பில்லியன்ஸ்’ தொடரிலிருந்து தொடங்குங்கள். 2017இல் அதில் நுழைந்த டெய்லர் மேசன், பங்குச்சந்தை முதலைகளையே திணறடிக்கும் கணக்குப் புலி. டெய்லர் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல; அந்த வேடத்தில் நடித்த ஏசியா கேட் தில்லனும் தம்மை அப்படியே அடையாளப்படுத்துபவர்.

கார்ட்டூன் பிடிக்குமென்றால் ‘ஸ்டீவன் யுனிவர்ஸ்’. சிறுவன் ஸ்டீவனும் தோழி கானியும் ஒன்றிணைந்தால், இரண்டுக்குள்ளும் அடங்காத ஸ்டீவோனி!

வாசிக்க, மார்த்தா வெல்ஸின் ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’. மனிதர்களுக்குக் காவல் நிற்கும் பாதி இயந்திரம், வேலை நேரத்தில் ரகசியமாக சீரியல் பார்க்கும். ஆணாகவோ பெண்ணாகவோ ஆகும் ஆசை அதற்குத் துளியும் கிடையாது. சிறிய நாவல், இரண்டே நாளில் முடித்துவிடலாம்.

உர்சுலா லெ குவின் 1969இல் எழுதிய ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்’ நிதானமாக நகரும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மகளுக்கே நீங்கள் சிபாரிசு செய்வீர்கள்.