குளத்து மீனும் வலைக்கண்ணும்

வரண்ட பிரதேசத்துப் பெருங்குளங்கள் நெற்செய்கைக்காகக் கட்டப்பட்டவை. எனினும், அவற்றை அண்டி வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு மீனும் ஒரு விளைவேயாகும். முற்காலத்தில் விரால், கெளிறு, கெண்டை முதலியனவே பிடிபட்டன. இவை ஆற்றுக்கும் சதுப்புக்கும் உரியன. அகன்ற நிலைநீரிற் பெருந்தொகையாகப் பெருகுவனவல்ல. 1952ஆம் ஆண்டளவில் ஆபிரிக்காவுக்குரிய திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்டதன் பின்னரே குளத்து மீன்பிடி ஒரு தொழிலாக வளர்ந்தது.

இம்மீன் இனம் பெருக்கும் முறையை அறிந்தவர் சிறுகண் வலையை விரும்பார். ஆண் மீன் அலைகரையின் ஆழங்குறைந்த இடத்தில் வட்டமான குழி தோண்டும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே அவற்றைத் தன் வாயில் எடுத்துக்கொள்ளும். குஞ்சுகள் தாமாக நீந்தி இரை தேடும்வரை, இரண்டு மூன்று கிழமைகளுக்கு, வாயே அவற்றுக்குத் தொட்டில். அக்காலத்தில் தாய் பெரும்பாலும் இரை உண்பதில்லை. வலையிற் சிக்கிய தாய் முட்டைகளை உமிழ்ந்துவிடும். அவை பிழைப்பது அரிது.

துருசு திறந்து நீர்மட்டம் விரைவாக இறங்கும்போது இக்குழிகள் கரையேறிவிடுவதும் உண்டு. பயிருக்கு நீர் வேண்டியிருத்தலால் அதனைத் தடுக்க இயலாது. ஆயினும் நட்டம் முழுவதும் நட்டமன்று: வற்றிய அலைகரையில் மேயும் மாடுகளின் சாணம், மாரியில் நீர் ஏறும்போது கரைந்து மீனிரையாகிய நுண்பாசியை வளர்க்கும்.

செவுள் வலையின் கண்ணை நன்கு இழுத்துப் பிடித்து, ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சுவரை அளத்தல் வேண்டும். அது 8.5 சதம மீற்றருக்குக் குறைதலாகாது என்பது உள்நாட்டு மீன்பிடி ஒழுங்குவிதி. குறுகிய கண்ணுடைய வலை சில நாட்களுக்குக் கூடையை நிரப்பும். பின்பு அதே குளத்தில் வலை வெறுமையாக எழும். ஒருவர் விதியை மீறினால், மீறாத அயலவரே முதலில் இழப்படைவர் என்பதால், வலைகளைச் சங்கத்தார் தாமே சோதித்தல் நன்று.

வலையை மாலையில் இட்டு விடியற்காலையில் எடுப்பது வழக்கம். ஒற்றை ஓரு பூட்டிய வள்ளத்திற் தனியே செல்லாது இருவராகச் செல்லுதல் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் பிற்பகலில் அலை உயரும். கல்லோயாத் திட்டத்தில் அமைந்த சேனநாயக்க சமுத்திரம் போன்ற நீர்த்தேக்கங்களில், மூழ்கிய பட்டமரங்கள் வள்ளத்தையும் வலையையும் கிழிக்கும். அங்கே யானைகள் தீவுக்குத் தீவு நீந்துதலால், தீவுகளில் இராத் தங்குதல் தகாது. கரையில் வாடி அமைப்போர் மீன் கழிவை நீரோரத்தில் எறிதலாகாது; அது முதலையை வாடியின் வாசலுக்கு அழைத்துவிடும். கழிவை மேட்டிலே குழி தோண்டிப் புதைத்தால் தென்னைக்கு உரமுமாகும்.